இடுப்பில் உறுத்தாத, கையைக் கடிக்காத சின்னத் துப்பாக்கி

நான் முதலில் வாங்கிய கைத்துப்பாக்கி 300 கிராம்கூட இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "உங்க கைக்கு இதுதான் மேடம் சரி" என்றார் விற்பனையாளர். நானும் தலையாட்டினேன். சுடுதளத்தில் இரண்டாவது மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) முடிவதற்குள் ட்ரிகர் கார்டு, அதாவது ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையம், இடித்து இடித்து நடுவிரல் கணு சிவந்துவிட்டது. 50 தோட்டாப் பெட்டியில் 38 அப்படியே மிச்சம். வீட்டுக்கு எடுத்து வந்து பெட்டகத்தில் பூட்டினேன். அடுத்த ஆறு மாதம் அதைத் தொடவே இல்லை.

சின்னதாக இருந்தால் சௌகரியமாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் தப்பு. இதில் சௌகரியம் இரண்டு வகை. உடம்பில் வைத்திருக்கும் சௌகரியம் ஒன்று, கையில் பிடித்துச் சுடும் சௌகரியம் இன்னொன்று. எடையும் அளவும் குறையக் குறைய முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. என் பதில் இது: உங்கள் கை வலிக்காமல் ஒரு முழுப் பெட்டி சுட முடிகிற துப்பாக்கிகளில் எது சின்னதோ அது. கடையில் இருப்பதிலேயே சின்னது அல்ல.

உரிமம் இருக்கிறதா, மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி உண்டா, எந்தெந்த இடத்துக்குள் கொண்டு போகக்கூடாது என்பதையெல்லாம் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் சட்டம் மாறும். அனுமதி இல்லாத இடத்தில் இருப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

சரி, கையிலிருந்து ஆரம்பிப்போம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை என் கை 17 செ.மீ. வீட்டுக்காரர் கை என்னுடையதைவிட மூன்று விரற்கடை பெரியது. அவருடைய க்ளாக் 19 துப்பாக்கியை நான் பிடித்தால் ட்ரிகரை எட்டுவதற்காகக் கைப்பிடியையே கொஞ்சம் சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிடித்தால் உதைப்பு முழுக்கக் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். கடையில், துப்பாக்கி காலியா என்று நீங்களும் பார்த்து கடைக்காரரும் பார்த்த பிறகு, பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதே பிடியில் ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை ட்ரிகர் மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சுண்டுவிரல். மிகச் சின்னத் துப்பாக்கிகளில் இரண்டு விரலுக்குத்தான் இடம் இருக்கும், சுண்டுவிரல் காற்றில் தொங்கும். அது தொங்கினால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி நழுவும், ஒவ்வொரு முறையும் திருத்திப் பிடிக்க வேண்டும். பல மாடல்களுக்கு அடியில் சின்ன நீட்டல் வைத்த மேகசின் கிடைக்கிறது. ஒரு சென்டிமீட்டர்தான் கூடும். ஆனால் பிடிக்கும்போது வேறு துப்பாக்கி போலவே இருக்கும்.

இனி உதைப்பு. இதில் பேச்சுக்கு மயங்க வேண்டாம், கணக்கு எளிது. ஒரே தோட்டாவை ஒரு கிலோ துப்பாக்கியில் சுடுவதையும் அரைக் கிலோ துப்பாக்கியில் சுடுவதையும் ஒப்பிட்டால், பின்னால் வரும் உதைப்பு ஆற்றல் இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை குறைவு என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வதன் விலை இதுதான்.

அதனால்தான் சின்னத் துப்பாக்கிகளில் .380 ஏசிபி என்கிற தோட்டா இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908-ல் வந்தது. அதன் இன்னொரு பெயர் 9×17. நாம் பொதுவாக 9 மி.மீ. என்று சொல்வது 9×19. குண்டின் விட்டம் ஒன்றேதான், 9×19-ல் தோட்டாக் கூட்டின் நீளம் 2 மி.மீ. அதிகம், அழுத்தமும் அதிகம். கை பலவீனம், மூட்டுவலி என்றால் .380 வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. பயிற்சித் தோட்டா 9 மி.மீ. போல மலிவாகக் கிடைக்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஆனால் .380 என்றாலே மென்மை என்றும் இல்லை. துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) எடையும் ஸ்ப்ரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்கும். அதனால் ஸ்ப்ரிங் கடினமாக இருக்கும், உதைப்பும் 'டக்'கென்று கூர்மையாக வரும். கை சற்று மேலே ஏறியிருந்தால் ஸ்லைடு கட்டைவிரல் இடுக்கைக் கடித்தும் விடும். க்ளாக் 42-ல் குழலும் ஸ்லைடும் ஒரு நொடித் துணுக்கு பூட்டிக்கொண்டு சேர்ந்தே பின்னால் போய்ப் பிறகு பிரியும். அதே தோட்டா, எடையோ பிபிகே-யைவிடக் குறைவு, ஆனாலும் தள்ளல் மெதுவாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஸ்லைடை இழுக்க வரவில்லை என்று பலர் ரிவால்வர் பக்கம் போகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வரில் இழுக்க எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் காலியாக 400 கிராம் சொச்சம் இருக்கும் அந்தப் பொருளின் ட்ரிகரை ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல்! ஸ்லைடு இழுக்க முடியாத விரலுக்கு அது எப்படி எளிதாகும்? உதைப்பும் முரட்டுத்தனம். தேர்ந்தவர்கள் கையில் அருமையான கருவி, மறுக்கவில்லை. புதிதாக வருபவருக்கு முதலில் அதை நீட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்லைடு விஷயத்தில் முக்கால்வாசி பிரச்சினை பலம் இல்லை, முறைதான். இடது கை விரல்கள் நான்கையும் ஸ்லைடின் மேல் போட்டு உள்ளங்கை அடியோடு இறுக்கிப் பிடியுங்கள். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், ட்ரிகரில் விரல் வேண்டாம். இப்போது இடது கையால் இழுக்காதீர்கள். வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். பயிற்சியாளர் இதைச் சொன்ன அன்று, மூன்று வாரமாக என்னோடு மல்லுக்கட்டிய ஸ்லைடு ஒரே தள்ளலில் வந்துவிட்டது. அப்படியும் வராத கைகளுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் ஷீல்டு ஈஸி .380 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்ப்ரிங் மென்மை, மேகசினில் தோட்டா நிரப்புவதும் எளிது. கொஞ்சம் பெரியது, ஆனால் என் மாமியார் வயதுக்காரர்கள்கூட அலட்டாமல் இயக்குகிறார்கள்.

உடம்பில் வைக்கும் பக்கத்துக்கு வருவோம். குழல் நீளமாக இருந்தால் வெளியே தெரியும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தெரிவது குழல் அல்ல. அது பேன்ட்டுக்குள் தொடையோடு இறங்கிவிடுகிறது. சட்டையைத் துருத்திக் காட்டிக் கொடுப்பது கைப்பிடியின் அடிமுனை. க்ளாக் 43-க்கும் 43எக்ஸ்-க்கும் ஸ்லைடு நீளம் ஒன்றுதான், கைப்பிடி மட்டும் 2 செ.மீ. கூடுதல். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக என் சட்டைகளில் பாதியை நான் மாற்ற வேண்டிவந்தது. அதே 43எக்ஸ் கைப்பிடியோடு ஸ்லைடை 2 செ.மீ. நீட்டினால் அதுதான் க்ளாக் 48. மறைப்பதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சொல்லப்போனால் நீளக் குழல் உள்ளே அழுந்தி நின்று கைப்பிடியை உடம்போடு சாய்க்கிறது. குறி பார்க்கவும் அது உதவும். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 12 செ.மீ. மட்டும் இருந்தால், ஒரு மில்லிமீட்டர் பிசகுவது 7 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. பிசகாகிவிடும்.

நீளத்தைவிடத் தடிமன்தான் நாள் முழுக்க உறுத்தும். ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ.யை ஒட்டிய தடிமன் என்றால் மதியத்துக்குள் மறந்துவிடுவீர்கள். 642-ன் தோட்டா உருளை 33 மி.மீ. அது உட்காரும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும். 2018-ல் சிக் சவர் பி365 வந்தபோது இவ்வளவு பேச்சு எழுந்ததற்குக் காரணம் இதுதான். ஆறேழு தோட்டா பிடிக்கும் தடிமனில் பத்தை அடக்கிவிட்டார்கள். காலியாக அரைக் கிலோ. இன்று என் இடுப்பில் இருப்பது அதுதான். கைப்பிடிப் பகுதியைத் தனியாகக் கழற்றி வேறு அளவு மாட்டலாம் என்பதும் என் 17 செ.மீ. கைக்கு வசதியாகப் போயிற்று. எடை பார்க்கும்போது தோட்டாக்களையும் சேர்த்துப் பாருங்கள். 9 மி.மீ. ஒன்று 12 கிராம் வரும், பத்து என்றால் 120 கிராம்.

எங்கே வைப்பது? ஆண்களுக்கு எழுதிய குறிப்புகள் எல்லாம் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்கின்றன. நான் அப்படி வைத்து ஒரு வாரம் நடந்தேன். இடுப்பு வளைவு அடிப்பக்கத்தை வெளியே தள்ள, கைப்பிடி மேலே சாய்ந்து விலாவில் குத்தியது. பெண்கள் பலருக்கும் இது நடக்கும், நம் உடம்பு அப்படி. முன்பக்கம், தொப்புளுக்கு வலதுபுறம் மாற்றிய பிறகுதான் நிம்மதி. ஆனால் முன்பக்கம் வைத்தால் குழல் முனை எங்கே பார்க்கிறது என்று யோசியுங்கள். உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது. சட்டை நுனியைத் தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, முனை உடம்பை விட்டு விலகியிருக்கும்படி இடுப்பை முன்னால் தள்ளி, மெதுவாக. துணி ட்ரிகரில் சிக்கி வெடித்த விபத்துகள் கதை அல்ல.

உறைக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல துப்பாக்கியை மோசமான உறையில் வைப்பதைவிட, சுமாரான துப்பாக்கியை நல்ல உறையில் வைப்பது சௌகரியம். ட்ரிகரை முழுக்க மூடிய, கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில், உங்கள் மாடலுக்கென்றே செய்தது வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். பக்கவாட்டில் சின்னக் கொக்கி மாதிரி ஒரு துண்டு வரும், அது பெல்ட்டில் முட்டிக் கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பிவிடும். அடியில் ஒட்டும் மெத்தைத் துண்டும் அதே வேலைதான். என்னுடையது பழைய யோகா பாயில் வெட்டியது. இரண்டு மாதமாகத் தாக்குப்பிடிக்கிறது. பெல்ட் தொங்கினால் இத்தனையும் வீண், நடுவில் விறைப்பு வைத்த பெல்ட்டாகப் பாருங்கள். பெல்ட் போடாத உடைக்கு வயிற்றுப் பட்டி இருக்கிறது. வெறும் எலாஸ்டிக் பையாக இல்லாமல் ட்ரிகருக்குக் கெட்டி மறைப்பு உள்ளதாக இருக்க வேண்டும். கைப்பையில் மட்டும் வேண்டாம். பையை நாற்காலியில் மாட்டுவோம், கீழே வைப்போம், குழந்தை கையை விடும்.

வாங்கும் முன் முடிந்தால் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். ஐந்து தோட்டா போதாது, முதல் ஐந்தில் எல்லாமே இனிக்கும். 50 சுட்ட பிறகு கையைப் பாருங்கள். கடைசிப் பத்தில் குறி கலைகிறதா, ட்ரிகரை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். காலிக் கூடு வெளியேறாமல் ஸ்லைடில் செங்குத்தாக மாட்டி நின்றால் பெரும்பாலும் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடை குறைந்த துப்பாக்கிகள் இதை மன்னிப்பதில்லை.

வாங்கிய பிறகும் உடனே மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பவில்லை நான். இரண்டு வாரம் தோட்டா இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழகினேன். செருப்பு வாரைக் கட்டக் குனிந்தேன், காரில் சீட் பெல்ட் போட்டேன், தாழ்வான சோபாவில் உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் நாள் எலும்பில் சிவந்த இடத்தைப் பார்த்து உறையை ஒரு சென்டிமீட்டர் தள்ளினேன். ஐந்தாம் நாள் கைப்பிடி சாய்வைத் திருத்தினேன். அதோடு, தினமும் எடுத்துச் செல்லப்போகும் அதே தோட்டாவில் 200 சுட்டு ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். இப்போது வாரம் ஒருமுறை மேகசினைக் கழற்றி, துப்பாக்கியைக் காலி செய்து, உள்ளே சேரும் பஞ்சுத் தூசியைப் பழைய பல் துலக்கியால் தட்டிவிடுகிறேன். உடம்போடு இருக்கும் பொருள், அந்தத் தூசி சேரும் வேகம் ஆச்சரியமாக இருக்கும். இரவு கழற்றியதும் கைரேகைப் பூட்டு வைத்த பெட்டிக்குள் போய்விடும், தலையணைக்கு அடியில் அல்ல.