ஜப்பான் டேக் மேட்ச்சுக்கு மதுரைத் தமிழில் வர்ணனை செய்வது எப்படி

மதுரைப் பக்கம் மைக் பிடிக்க ஆள் பஞ்சமே இல்லை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் பேசித் தேர்ந்தவர்களும் ஊர்க் கபடியில் தொண்டை கட்டக் கத்தியவர்களும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் நண்பர்கள் கூட்டத்துக்கு ஜோடிக்கு ஜோடி மோதும் ஒரு ஜப்பானிய டேக் டீம் மல்யுத்தத்தைத் திரையில் போட்டுக்காட்டி, கூடவே தமிழில் வர்ணனை சொல்வதற்கான வழிமுறை இது. வாடிவாசல் பழக்கத்தில் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே மாடு எங்கேயோ கண்ணும் அங்கேதான். டேக் மேட்ச்சில் பாதி நேரம் பார்க்க வேண்டியது அடி விழும் இடத்தை அல்ல. கயிற்றுக்கு வெளியே கை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டாளியை. வர்ணனையாளரின் வேலையே கூட்டத்தின் பார்வையை அங்கே திருப்புவதுதான்.

முதல் திரையிடலுக்கு 1995 ஜூன் 9 அன்று டோக்கியோ நிப்பான் புடோகான் அரங்கில் நடந்த ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் உலக டேக் பட்டப் போட்டியை எடுங்கள். மிட்சுஹாரு மிசாவாவும் கென்டா கொபாஷியும் ஒரு பக்கம். தோஷியாகி கவாடாவும் அகிரா தாவுவேயும் மறுபக்கம். 42 நிமிடம் 37 வினாடி. நீளம்தான், ஆனால் முதல் தடவை பார்ப்பவருக்கும் கதை புரியும். நான்கு பேரையும் உடை நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம்: மிசாவா பச்சை, கொபாஷி ஆரஞ்சு, கவாடா மஞ்சளும் கருப்பும், தாவுவே சிவப்பு. முதல் பத்து நிமிடம் பெயரோடு நிறத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "பச்சை மிசாவா உள்ள, ஆரஞ்சு கொபாஷி வெளிய" என்று நாலைந்து தடவை காதில் விழுந்தால் போதும், அதற்குப் பிறகு பெயர் மட்டும் சொன்னாலே கூட்டம் பிடித்துக்கொள்ளும்.

விதியை இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒரு அணியில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். வெளியே நிற்கும் கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். எதிராளியின் இரண்டு தோளும் தரையில் பட அமுக்கி, நடுவர் மூன்று தட்டினால் வெற்றி. கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட வேண்டும். மூன்றாவது தட்டு விழுவதற்குள் கூட்டாளி ஓடி வந்து அமுக்குகிறவரை உதைத்துக் கலைக்கலாம். ஜப்பானில் இதை 'கட்' என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இந்தக் கட் நேரத்துக்கு வருகிறதா, பிந்துகிறதா, வரவே முடியாமல் போகிறதா என்பதில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது.

தயாரிப்பு. போட்டியை மூன்று முறை முழுதாகப் பார்க்காமல் மைக்கைத் தொடாதீர்கள். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாவது முறை ஒரு நீளத் தாளில் நான்கு நிறத்துக்கு நான்கு கட்டம் போட்டு, நிமிட வாரியாக நான்கே விஷயங்களைக் குறியுங்கள்: யார் உள்ளே, உடம்பில் எந்த இடத்தில் அடி, ஆள் மாறியது எப்போது, கட் செய்தது யார். பிடிகளின் பெயரை எழுத வேண்டாம், அதை எழுதப் போனால் முகங்களைப் பார்க்க மாட்டீர்கள். மூன்றாவது முறை ஒலியை நிறுத்திவிட்டு கயிற்றுக்கு வெளியே மேடை விளிம்பில் நிற்பவரை மட்டும் பாருங்கள். கை நீட்டுகிறாரா, விழுந்து கிடக்கிறாரா, உள்ளே வரத் துடித்து அடக்கிக்கொள்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கூட்டத்துக்கு முன்கதை சொல்லியாக வேண்டும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. மிசாவாவும் கவாடாவும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பழகியவர்கள். கவாடா ஒரு வருடம் ஜூனியர். முகமூடி வேடத்தில் ஆடிவந்த மிசாவா 1990 மே மாதம் அந்தப் புலி முகமூடியைக் கழற்றி வீசியபோது முடிச்சை அவிழ்த்துவிட்டவர், அன்றைக்குக் கூட்டாளியாக நின்ற இதே கவாடாதான். 1993-இல் கவாடா எதிரணிக்குப் போய் முன்னாள் சுமோ வீரரான தாவுவேயோடு சேர்ந்தார். அதிலிருந்து 1995 ஜூன் வரை கவாடா ஒரு தடவைகூட மிசாவாவை அமுக்கி மூன்று தட்டு வாங்கியதில்லை. இதை இரண்டு தடவை அழுத்திச் சொல்லுங்கள். ஆல் ஜப்பானில் தரவரிசை என்பது சாதாரண விஷயம் இல்லை. டேக்கில் எந்த அணி ஜெயித்தது என்பதைவிட, யார் யாரை அமுக்கினார் என்பதே பெரிய செய்தி. மறந்தும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். "இன்னைக்குத்தான் அது நடக்கப்போகுது" என்று ஆர்வக்கோளாறில் ஒருவர் உளறினால் 42 நிமிடமும் வீண்.

கடைசியாக இரண்டு காயங்கள். கொபாஷி காயம்பட்ட காலோடு வந்திருக்கிறார். மிசாவாவுக்கு அந்த ஏப்ரலில்தான் கவாடாவோடு மோதியபோது கண்குழி எலும்பு உடைந்தது. காலும் கண்ணும். இந்த இரண்டையும் கூட்டத்தின் மனதில் போட்டு வைத்துவிட்டால், எதிரணி காலைக் குறிவைக்கிற முதல் நொடியிலேயே "ஏய், கால விடுங்கடா" என்று குரல் வரும். வந்துவிட்டால் வர்ணனை பாதி வெற்றி.

இனி பேச்சு. தொடக்கத்தில் அறிமுகத்தின்போது வண்ணக் காகிதச் சுருள்கள் மேடையில் வந்து விழும். அது மரியாதை, கலாட்டா அல்ல என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடம் நாடி பார்ப்பதுதான். ஒருவரையொருவர் அளந்து பார்ப்பார்கள். அமெரிக்க மல்யுத்தம் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் செல்போனை எடுப்பார்கள். பிடிகளை விளக்கி அவர்களைக் கட்டிப்போட முடியாது. "உள்ள இருக்கவர விடுங்கண்ணே, வெளிய நிக்கிற ஆரஞ்சோட கால பாருங்க" என்று கண்ணைத் திருப்புங்கள்.

பிடியின் பெயரை முதல் தடவை சொல்லும்போது செயலைச் சொல்லிப் பெயரைச் சொல்லுங்கள். "தொண்டையப் பிடிச்சுத் தூக்கி அடிக்கிறாரு, அதுதான் நோடோவா." இரண்டாம் தடவையிலிருந்து நோடோவா போதும். மிசாவாவின் முழங்கை அடி, கவாடாவின் உதை, பவர் பாம் (ஆளைத் தலைகீழாகத் தூக்கி முதுகு தரையில் பட அடிப்பது) என்று ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். இருபது பிடி சொன்னால் கூட்டத்துக்கு ஒன்றும் நிற்காது.

எண்ணிக்கையில்தான் பலரும் கெட்டுப்போவது. நடுவர் கை தரையில் படுமுன் "மூணு!" என்று கத்தினால், அடுத்த தடவை உங்கள் குரலை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டரையில் எழுவதுதான் இந்தப் பாணியின் உயிர். கை பட்ட பிறகே எண்ணுங்கள்: "ஒண்ணு... ரெண்டு..." அதோடு வாயை மூடிவிடுங்கள். எழுந்துவிட்டால் கூட்டமே கத்தும். எழாவிட்டாலும் கூட்டமே கத்தும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் பேச்சைப் பாதியாகக் குறையுங்கள். மிசாவா விழுந்து கிடக்கும்போது, நிற்கவே கால் இல்லாத கொபாஷி அவர் மேல் படுத்து அடியைத் தன் முதுகில் வாங்குவார். இங்கே விளக்கம் சொல்வது குற்றம். "கட் பண்ண முடியல, மறைச்சுக்கிட்டாரு" என்ற ஒரு வரி போதும். பிறகு தாவுவே கொபாஷியைப் பார்த்துக்கொள்ள, கவாடா மிசாவாவிடம் வருவார். கடைசி பவர் பாமுக்குப் பிறகு விளிம்பிலிருந்து யாரும் வரவில்லை என்பதைக் கூட்டம் தானாகக் கவனிக்க வேண்டும். கவனித்தார்கள் என்றால், முதல் நிமிடத்திலிருந்து நீங்கள் கண்ணைத் திருப்பிய வேலை சரியாக நடந்திருக்கிறது.

இடையில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: "இதெல்லாம் செட்டப்பு தானண்ணே?" மழுப்ப வேண்டாம். முடிவு முன்கூட்டியே தீர்மானித்ததுதான், கழுத்து அடிபட விழுவது மட்டும் நிஜம். மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு டேக் போட்டியில் பேக் டிராப் (பின்னாலிருந்து தூக்கிப் பின்புறமாக அடிப்பது) வாங்கி விழுந்து, அன்றே இறந்தார், வயது 46. சிறுவர்கள் இருந்தால் இதைப் போட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாள் மொட்டை மாடியில் மெத்தை போட்டுக்கொண்டு யாரும் பவர் பாம் பழகக் கூடாது.

திரை விஷயத்தில் இரண்டு தவறு சகஜம். 1995 ஒளிப்பதிவு 4:3 வடிவம். டிவியோ புரொஜெக்டரோ அதை அகலத்துக்கு இழுத்தால் நால்வரும் குண்டாகிவிடுவார்கள். அமைப்பில் போய் 4:3 ஆக்கி, இரண்டு ஓரமும் கருப்பாக இருக்க விடுங்கள். இரண்டாவது ஒலி. ஜப்பானிய வர்ணனையும் அரங்கத்துச் சத்தமும் ஒரே தடத்தில் இருப்பதால் பிரிக்க வராது. அரங்கச் சத்தம் உங்கள் குரலுக்குக் கீழே கேட்கிற அளவில் வையுங்கள், முழுதாக அமுக்கிவிடாதீர்கள். புடோகான் கூட்டம் காலால் தரையை மிதிக்கத் தொடங்கினால் அது நீங்கள் பேச்சை நிறுத்த வேண்டிய சைகை. மாடியில் என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், ஜூன் காற்று பாதி வார்த்தையைத் தின்றுவிடும். இருட்டிய பிறகு ஏழரைக்குத் தொடங்கினால் முன்கதையும் போட்டியும் சேர்த்து எட்டரைக்குள் முடியும். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணித் தடை இருப்பதால், இன்னொன்று போடச் சொல்லிக் கூட்டம் கேட்டாலும் நேரம் இருக்கும்.

கேட்டால் 1993 டிசம்பர் 3 போட்டியைப் போடுங்கள். இதே நால்வர்தான், நீளம் ஏறக்குறைய பாதி, அங்கே கவாடாவின் முழங்கால்தான் கதை. 1995 ஜனவரி 24 அன்று யமகாட்டாவில் அறுபது நிமிடம் முழுதும் ஓடி வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்த போட்டியும் இவர்களுடையதே. அதை முதல் தடவை வந்தவர்களுக்குப் போட வேண்டாம். நாலு கட்டத் தாளும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு உட்கார ஆளிருந்தால் மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்த்துப் போடுங்கள்.