பாதியில் விட்ட சீரிஸைப் பற்றிப் பேசுவது எப்படி

"பார்த்தேன், நல்லால்ல, விட்டுட்டேன்." கடலூர்–பாண்டி பஸ் ஆல்பேட்டை தாண்டுவதற்குள் இப்படி நாலு சீரிஸைத் தீர்த்துக்கட்டுபவர்கள் உண்டு. கேட்பவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதுவரை பார்த்தீர்கள், எந்த மொழியில் பார்த்தீர்கள், எதனால் விட்டீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அவர் தன் ராத்திரியை அதற்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியும்.

முதலில் எதுவரை என்பது. எட்டு எபிசோடில் முதலாவதின் 20வது நிமிடத்தில் எழுந்து போனவரும் ஏழாவதில் வெறுத்து நிறுத்தியவரும் "பாதியில விட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஞாபகம் இல்லையென்றால் ஆப்பைத் திறந்து, பாதி பார்த்தவை இருக்கும் வரிசைக்குப் போங்கள். படத்துக்குக் கீழே ஓடும் கோடு எந்த இடத்தில் நின்றதென்று காட்டிவிடும். அந்த வரிசையிலிருந்து நீக்குவதற்கு முன்னால் எபிசோடு எண்ணையும் நிமிடத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். எண் சொல்லும்போது எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 'மணி ஹைஸ்ட்' 2017இல் ஸ்பெயின் டிவியில் வந்தபோது முதல் கதை 15 நீள எபிசோடுகள். நெட்ஃபிளிக்ஸ் அதையே வெட்டி 22 ஆக்கியது. அங்கே ஐந்தாவது என்பது இங்கே ஐந்தாவது ஆகாது.

எவ்வளவு பார்த்தால் கருத்துச் சொல்லலாம்? முக்கால் மணி நேர எபிசோடு எட்டு என்றால் மொத்தம் ஆறு மணி நேரம். அதில் இரண்டையாவது முழுசாகப் பாருங்கள். முதலாவது ஊரையும் ஆட்களையும் அறிமுகம் செய்வதிலேயே கரைந்துவிடும். கதை எந்த நடையில் போகப் போகிறது என்பது இரண்டாவதில்தான் பிடிபடும். அதற்கு முன் விட்டிருந்தால் "எனக்கு ஒட்டல" என்று சொல்லலாம், "மோசம்" என்று சொல்லக் கூடாது.

சில கதைகளுக்கு இரண்டும் போதாது. 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி'யில் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எஸ்.ஜே. சூர்யா அதில் எது நிஜம் என்று தேடித் திரிகிறார். மூன்றாவதில் விட்டவர்கள் "சொன்னதையே சுத்திச் சுத்திச் சொல்றாங்க" என்பார்கள். அவர்கள் பார்த்தது சரிதான், ஆனால் சுற்றுவதுதான் அந்தக் கதையின் கட்டுமானம். "ஒரே விஷயத்தைப் பல வாயால் கேட்கப் பொறுமை இருந்தால் பாருங்க, எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து காரணம். இங்கேதான் ஜனங்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். "ஸ்லோவா போகுது" என்ற ஒரு வார்த்தைக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கும். காட்சியையே இழுத்திருக்கலாம். போன எபிசோடில் சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கலாம். ஆட்கள் அதிகமாகி யார் யாருக்கு என்ன உறவு என்பது குழம்பியிருக்கலாம். சில நேரம் நோய் சீரிஸுக்கே இல்லை. பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து, ஃபேன் இரைச்சலில் பாதி வசனம் காதில் விழாமல் போனதுதான். ராத்திரிக் காட்சிகளை வெயிலில் பஸ் ஜன்னலோரம் போனில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியல" என்பதும் இதே கணக்கு.

சோதிக்க எளிய வழி உண்டு. நின்ற இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், காலையில், தூக்கக் கலக்கம் இல்லாமல், சப்டைட்டில் போட்டு ஒரு தடவை பாருங்கள். அப்போதும் கை தானாக போனைத் தேடினால் பழியைச் சீரிஸ் மேல் போடலாம். வெளிநாட்டுத் தொடரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால், அந்தப் பத்து நிமிடத்தை மூல மொழியில் கேளுங்கள். நடிப்பு செத்துப்போனது என்று நினைத்தது பல முறை குரல் கொடுத்தவரின் கோளாறாக இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்தைத் தொடர் தொட்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022) முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழாவை ஒட்டியே கதை நகர்கிறது. அந்தத் திருவிழாவுக்குப் பேர்போன மேல்மலையனூர் கடலூர்–பாண்டிப் பக்கத்துக்காரர்களான நமக்குத் தூரமில்லை. சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த பாண்டிக்காரர் அதைப் பார்க்கும் கண் வேறு, கோயம்புத்தூர்க்காரர் கண் வேறு. உங்களுக்கு உறுத்தியது அவருக்கு உறுத்தாமல் போகலாம். "எங்க பக்கம் இப்படி நடக்காது, அது எனக்கு இடிச்சுது, துப்பறியும் கதை தனியா நல்லாவே ஓடுது" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு கதை சொல்லலாம்? கேட்பவரிடம் முதலில் "பார்த்தாச்சா, எதுவரை?" என்று கேட்டுவிடுங்கள். பார்க்காதவரிடம் முதல் எபிசோடு தாண்டிய சேதி எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு, வீட்டில் அத்தையிடம் 'அயலி'யைப் பற்றி இப்படிச் சொல்லலாம்:

"அத்தே, மொத்தம் எட்டு, ஒவ்வொண்ணும் அரைமணி நேரம் போல. புதுக்கோட்டைப் பக்கத்துல ஒரு கிராமம், தொண்ணூறுகள்ல நடக்குது. பொண்ணு வயசுக்கு வந்தா பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாங்க. டாக்டராகணும்னு நெனைக்கிற பொண்ணு அதையே மறைக்குது. நான் எட்டும் பார்த்துட்டேன். சில எடத்துல மேடையில பேசற மாதிரி பேசறாங்க, அது எனக்குப் புடிக்கல. அம்மாவும் பொண்ணும் வர்ற சீனெல்லாம் நல்லாருக்கு. நீங்க பாருங்க, உங்களுக்குப் புடிக்கும்."

அரை நிமிடத்துப் பேச்சு. அளவு, இடம், முடிச்சு, எதுவரை பார்த்தது, ஒரு குறை, ஒரு நிறை எல்லாம் வந்துவிட்டது. மறைத்த பெண் என்ன ஆனாள் என்பது வரவில்லை. அரியாங்குப்பம் வந்தும் நீங்களே பேசிக்கொண்டிருந்தால், பக்கத்து சீட்டுக்காரர் எப்போதோ ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்.

கொலைக் கதைகளில் கதையைச் சொல்லாமலே காட்டிக்கொடுக்கலாம். "அந்தச் சின்ன வேஷத்துல வர்றவரு என்னமா நடிச்சிருக்காரு!" போதும், கேட்பவர் அந்த ஆளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதும் அப்படியே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதானால் முதல் வரியில் தொடர் பெயரும் எபிசோடு எண்ணும் மட்டும் போட்டு, நாலைந்து வரி இடம் விட்டு மீதியை எழுதுங்கள். போன் பூட்டியிருந்தாலும் நோட்டிஃபிகேஷனில் முதல் சில வரிகள் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

தினசரி சீரியலுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை எண்ணூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இந்த நீளத்தில் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் யாரும் வாயே திறக்க முடியாது. ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் போதும். எந்தச் சமயம் விட்டீர்கள் என்பதற்கு எண்ணைவிட சம்பவம்தான் அடையாளம்: கல்யாணத்துக்கு முன்னா, பின்னா, ஆள் மாறியதற்கு அப்புறமா. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்த பிறகு 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். "குணசேகரன் மாறினதும் விட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது முறையான காரணம். அதற்குப் பிறகு கதை எப்படிப் போனது என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது.

நீங்கள் விட்டதை எதிரில் இருப்பவர் தலையில் வைத்துக் கொண்டாடினால் சண்டைக்குப் போகாதீர்கள். "எந்த எபிசோடுல சூடு பிடிக்குது?" என்று கேளுங்கள். நாலு, ஐந்து என்று ஒரு எண் வந்தால், உங்கள் குறிப்பில் நின்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் ஒன்றோ இரண்டோதான் என்றால் வரும் ஞாயிறு முயன்று பார்க்கலாம். "மொதல்லேர்ந்தே சூப்பர்தான்" என்றால் உங்கள் ருசியும் அவர் ருசியும் வேறு, பேச்சை மாற்றிவிடுங்கள்.