நிறுத்திவைக்கப்பட்ட லைசென்ஸைத் திரும்பப் பெற: கலிபோர்னியாவில் எஸ்ஆர்-22

காரில் வைத்திருக்கும் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்துக்கொண்டு டிஎம்வி (லைசென்ஸ் வழங்கும் மாநில மோட்டார் வாகனத் துறை) அலுவலகத்துக்குப் போகாதீர்கள். என் நண்பர் அப்படித்தான் போனார். பிரீமியம் கட்டிய ரசீது முதற்கொண்டு ஒரு கோப்பே கையில் இருந்தது. வரிசையில் வெகுநேரம் நின்ற பிறகு, "இது செல்லாது, எஸ்ஆர்-22 வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எஸ்ஆர்-22 என்பது தனியான இன்சூரன்ஸ் அல்ல. "இவருக்குச் சட்டம் கேட்கும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது" என்று உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் டிஎம்விக்கு நேரடியாகத் தரும் சான்று. அதை நாம் எழுதிக் கொடுக்க முடியாது.

முதல் வேலை, லைசென்ஸ் ஏன் நிறுத்தப்பட்டது என்று பார்ப்பது. டிஎம்வி அனுப்பிய கடிதத்தில் காரணமும் தேதியும் இருக்கும். கடிதம் தொலைந்துபோனால் டிஎம்வி இணையதளத்தில் 2 டாலர் கட்டி உங்கள் ஓட்டுநர் பதிவை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கியிருந்தால் தடை நான்கு ஆண்டு வரை நீளும். முதல் ஆண்டு முடிந்த பிறகு எஸ்ஆர்-22 கொடுத்து லைசென்ஸைத் திரும்பப் பெறலாம். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு என்றால் வகுப்பு, நீதிமன்ற நிபந்தனை என்று வேறு வேலைகளும் சேரும். எஸ்ஆர்-22 மட்டும் போதாது.

அடுத்தது பாலிசி. 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவின் குறைந்தபட்ச வரம்பு உயர்ந்திருக்கிறது. ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால் 30,000 டாலர், ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு 60,000, பிறர் உடைமைக்கு 15,000. முன்பு இவை 15,000, 30,000, 5,000 ஆக இருந்தன. பழைய எண்களை இன்னமும் சொல்பவர்கள் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

சொந்தக் கார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கார் இல்லாதவர்களுக்கென்றே பாலிசி இருக்கிறது, அதன் பேரிலும் எஸ்ஆர்-22 தருவார்கள். ஆனால் வீட்டிலுள்ள கணவர் அல்லது மனைவியின் காரைத்தான் தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதை முகவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பாலிசி பெரும்பாலும் பொருந்தாது.

பிறகு நிறுவனத்தை அழைத்து, "கலிபோர்னியா எஸ்ஆர்-22 பதிவு செய்ய வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். சில நிறுவனங்கள் இதைச் செய்வதே இல்லை. அப்படியானால் வேறு நிறுவனத்துக்கு மாறத்தான் வேண்டும். பதிவுக்கட்டணம் சிறியதுதான், பிரீமியம்தான் ஏறும். கூச்சப்படாமல் மூன்று நான்கு இடங்களில் விலை கேளுங்கள்.

டிஎம்விக்கும் மறுவழங்கல் கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலான தடைகளுக்கு 55 டாலர், போதையில் ஓட்டியதற்கு டிஎம்வியே விதித்த தடை என்றால் 125. கட்டிய மறுநாளே சாவியைக் கையில் எடுக்காதீர்கள். தடை நீங்கிவிட்டதா என்று டிஎம்வியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தடைக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது கிரிமினல் குற்றம்.

இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. எஸ்ஆர்-22 பொதுவாக மூன்று ஆண்டுகள் ஒரு நாள்கூட அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் பாலிசி ரத்தானால் நிறுவனம் எஸ்ஆர்-26 என்ற அறிவிப்பை டிஎம்விக்கு அனுப்பிவிடும். லைசென்ஸ் மறுபடி நின்றுவிடும். என் நண்பருக்கு இதுவும் நடந்தது. தானாகப் பணம் செலுத்தும் கிரெடிட் கார்டு காலாவதியாகியிருந்தது. எச்சரிக்கைக் கடிதமோ அவர் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குப் போயிருந்தது. அவர் கையில் கிடைத்தது டிஎம்வியின் தடைக் கடிதம்தான். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் டிஎம்விக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நிறுவனத்தை மாற்றுவதானால், புதிய எஸ்ஆர்-22 டிஎம்விக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பழைய பாலிசியை நிறுத்துங்கள்.

வேறு மாநிலத்து உறவினர் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டாம். நியூயார்க்கில் எஸ்ஆர்-22 என்பதே கிடையாது. புளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்துவிட்டு ஓட்டியவர்களிடம் கூடுதல் காப்பீட்டு வரம்புள்ள எஃப்ஆர்-44 என்ற சான்றைக் கேட்பார்கள்.

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்று நீங்களே கணக்குப் போட்டு எஸ்ஆர்-22ஐ நீக்கச் சொல்லாதீர்கள். முடியும் தேதியை முதலில் டிஎம்வியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அது கடந்த பிறகு நிறுவனத்தை அழைத்தால் போதும்.