பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள்: பள்ளிப் பிள்ளைகளோடு நாடகம் செய்வது எப்படி

செய்யாறு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் தமிழம்மா. வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். முதல் வருஷம் மரம் வளர்ப்பு பற்றி நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள், நல்ல கைதட்டல். மறுவாரம், நடித்த பையன் ஒருவனிடம் "அந்த நாடகத்துல உனக்கு எந்த இடம்டா பிடிச்சுது?" என்று கேட்டேன். "அது நீங்க எழுதுனதாச்சேம்மா" என்றான். அதோடு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நம் மேடைக்குச் சிறுவர்கள் புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, பையன்களை வைத்தே நாடகம் நடத்தினார். ஆனால் அந்த மாதிரி நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் எழுதுவார், பையன்கள் பாடம் பண்ணுவார்கள். எனக்குப் பிடித்த முன்னோடி பம்மல் சம்பந்த முதலியார்தான். 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவை நண்பர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது 18. நம் பிளஸ் டூ பிள்ளையின் வயது. அந்த வயதில் ஒரு சபையையே நடத்த முடியும் என்றால், இருபது நிமிஷ நாடகத்தை எழுத முடியாதா?

கதையைத் தேடும்போது "சமூகக் கருத்துள்ள தலைப்பு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நெகிழி, நீர் சேமிப்பு, செல்போன் தீமை என்று பேச்சுப்போட்டித் தலைப்புகள்தான் வந்து விழும். நான் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, "இந்த வாரம் எதுக்குக் கோவம் வந்துச்சு? பேர் போட வேணாம்" என்பேன். போன வருஷம் பாதிக்கு மேல் சீட்டுகளில் பஸ் இருந்தது. பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகிற காலை பஸ். முடிவை நான் சொல்லவில்லை. சீட்டுகளைத் தரையில் பரப்பிவைத்து அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

எழுத உட்காருவதற்கு முன்னால் நடிக்கவிடுங்கள். சாக்பீஸில் ஒரு கோடு போட்டால் அது பஸ் ஸ்டாப். சத்துணவுத் தட்டு ஸ்டியரிங். முதல் தடவை ஒரு பெண் கையை நீட்டி, "ஐயோ, பேருந்து நிற்காமல் செல்கிறதே!" என்றாள். மேடை என்றதும் எல்லோர் வாயிலும் பாடப்புத்தகத் தமிழ்தான் முதலில் வரும். திட்டாதீர்கள். "நேத்து காலையில நீ என்ன சொன்னே?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நிஜமாகவே ஓடத் தொடங்கினாள். "அண்ணே… அண்ணே நிறுத்துண்ணே, டெஸ்ட் இருக்குண்ணே!" கடைசி 'அண்ணே' தொண்டையிலேயே நின்றுவிட்டது. வகுப்பே அமைதியானது. அந்த வரிதான் எங்கள் நாடகத்தின் முதல் வரி.

இப்படிப் பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தில் ஆர்வமுள்ள இரண்டு பேர் அதைக் கேட்டு எழுதட்டும். அரைமணி நேரப் பதிவிலிருந்து ஒன்றரைப் பக்கம் தேறினாலே நல்ல அறுவடை. எழுதியதில் நீங்கள் கை வைக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். "கண்டக்டருக்கும் ஒரு அவசரம் இருக்காதா?" என்று நான் கேட்டதற்கு மறுநாள் ஒரு முழுக் காட்சியே எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இயக்குநரும் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சத்தமாகப் பேசுகிறவரைத் தேடாமல், எல்லோரையும் கவனிக்கிறவரைத் தேடுங்கள். எங்களுக்கு ஒரு பிளஸ் ஒன் பெண் அமைந்தாள். ஒத்திகையில் நான் அவளுக்குப் பின்னால் உட்காருவேன். நடிக்கிறவர்கள் "சரியாம்மா?" என்று என்னைப் பார்த்தால் அவளைக் கை காட்டுவேன். முதல் இரண்டு வாரம் இது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

உங்கள் ஊர்க் கலையைக் கூப்பிடுங்கள். எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா தெருக்கூத்துக் கலைஞர். ஒரு சாயங்காலம் வந்து, இரண்டு பேர் திரையைப் பிடிக்க வேஷம் அதன் பின்னாலிருந்து வெளிப்படுவதையும், கட்டியங்காரன் கேள்வி கேட்டு அந்த வேஷத்தைச் சபைக்கு அறிமுகம் செய்வதையும் ஆடிக்காட்டினார். பிள்ளைகள் கட்டியங்காரனைக் கண்டக்டராக்கி வாயில் விசிலைக் கொடுத்தார்கள். திரையே பஸ் ஆனது. இரண்டு பேர் பச்சைத் துணியை இழுத்துப் பிடித்தபடி கூட்டத்தைக் கடந்து ஓடுவார்கள், பெஞ்சுப் பலகையில் தட்டுகிற தட்டு இன்ஜின் சத்தம். எனக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது.

ஒத்திகை நாலரைக்குத் தொடங்கினால் ஐந்தேகாலுக்கு முடித்துவிடுங்கள். சாயங்கால பஸ்ஸை விட்ட பெண்பிள்ளையின் வீட்டிலிருந்து அடுத்த நாள் அனுமதி வராது. பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். அரையாண்டுத் தேர்வை ஒட்டி வைக்காதீர்கள். ஆறு வாரம் போதும். கைமைக் வேண்டாம், அதை மாற்றி மாற்றி நீட்டுவதிலேயே நாடகம் செத்துவிடும். நாங்கள் வேப்பமரத்தடியில், மூன்று பக்கமும் கூட்டத்தைத் தரையில் உட்காரவைத்து நடத்தினோம். மைதானத்தின் எதிர்முனையில் ஒருவரை நிறுத்தி, அவருக்குக் கேட்கும்வரை பேசிப் பழகினாலே குரல் திறந்துவிடும்.

ஒன்றை மட்டும் அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நம்பிக்கை வந்ததும் சொந்த வீட்டுக் கதையையும் கொண்டுவருவார்கள். ஒரு பெண் தன் அப்பாவின் குடியைப் பற்றி எழுதினாள். எல்லோரும் அழுதோம், நாடகத்தின் மிக வலுவான காட்சி அதுதான். நான் இரண்டு முறை கேட்டேன், வைக்கலாம் என்றாள். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு, தண்ணீர்த் தொட்டி அருகில் என்னிடம் வந்து, "அம்மா, எங்கம்மா அன்னைக்கு பார்க்க வர்றாங்க" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கே காட்சியை எடுத்துவிட்டோம், காரணத்தை யாரும் அவளிடம் கேட்கக் கூடாது என்று இயக்குநர் பெண்ணே சொல்லிவிட்டாள். காட்சி போனால் போகட்டும். அந்தப் பிள்ளை மறுநாளும் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும்.

பெரியவர்கள் முடிவில் கருத்து கேட்பார்கள். எங்கள் பள்ளியிலும் "கடைசியில் பஸ் நிற்கிற மாதிரி வையுங்களேன்" என்றார்கள். பிள்ளைகளுக்கு அதில் சம்மதமில்லை. அந்த இடத்தில் நம் வேலை பிள்ளைகள் பக்கம் நிற்பது. நான் வாதாடவில்லை, பொது நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியர்களை உட்காரவைத்து முழுநாடகத்தையும் காட்டச் சொன்னேன். பார்த்த பிறகு யாரும் முடிவை மாற்றச் சொல்லவில்லை. பஸ் நிற்காமலேயே போனது.

நாடகம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கூட்டத்தைக் கேட்காதீர்கள். "சூப்பர்" என்பதோடு முடிந்துவிடும். "எது கண்ணுலயே நிக்குது?" என்று கேளுங்கள். முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி எழுந்து, "அந்த அக்கா கடைசி வரைக்கும் பையைக் கழட்டவே இல்ல" என்றாள். நான் திரும்பி இயக்குநர் பெண்ணைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தாள்.