விடுமுறை நாவலுக்குக் காசு வேண்டாம்

பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்குப் போகுமுன், சுங்கை சிப்புட் டவுனில் வைஃபை கிடைக்கும்போதே கல்கியின் ‘அலை ஓசை’யை மதுரைத் திட்டம் இணையத்தளத்திலிருந்து போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான், திருட்டுப் பிரதியும் இல்லை. மலேசியாவில் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். கல்கி மறைந்தது 1954இல். இறக்கியபின் செம்பனைக்கு நடுவே லைன் கிடைக்காவிட்டாலும் படிக்கலாம்.

அத்தை மகள் சீதா, மாமன் மகள் லலிதா: இந்த இருவரின் சிநேகத்துக்காகவே படிக்கலாம். நான்கு பாகம், விடுமுறைக்குத் தாராளமாகக் காணும். கடைசிப் பாகத்தில் பிரிவினைக் கலவரம் வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் நாட்டு எழுத்தாளர்களின் புது நாவல்களுக்கு இந்த வழி ஆகாது. அவற்றைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.