தனியார் வாகனத் தரிப்பிடக் கட்டணக் கடிதத்தை எதிர்கொள்வது எப்படி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கார் வைத்திருக்கும் நம்மவர்களின் வீடுகளில் இந்தக் கடிதம் ஒருமுறையேனும் வந்து சேராத வீடு அரிது. சூப்பர்மார்க்கெட்டிலோ கல்யாண மண்டபத்துக்கு அருகிலோ கார் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் காட்டும் இரண்டு படங்களுடன், 100 பவுண் கட்டும்படியும், 14 நாட்களுக்குள் கட்டினால் 60 பவுண் போதும் என்றும் அது சொல்லும். அதைப் பொலிஸ் கடிதம் என்று நினைத்துப் பயந்து அன்றைக்கே கட்டிவிடுபவர்கள் ஒரு சாரார். "தனியார் கம்பனிதானே, பேசாமல் விடுங்கள்" என்று யாரோ சொன்னதை நம்பிக் குப்பையில் போடுபவர்கள் மறு சாரார். பல ஆண்டுகளாக அயலவர்களுக்கு இத்தகைய கடிதங்களை வாசித்துப் பதில் எழுதிக் கொடுத்து வருகிறேன். நியாயமான காரணம் இருந்தும் பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலானோர் திகதியைத் தவறவிட்டதாலேயே இழந்தார்கள் என்பதால், இங்கே திகதிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு என்பதை அங்குள்ளவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கடிதம் யாரிடமிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். உள்ளூராட்சி சபை அனுப்புவதும் தனியார் நிறுவனம் அனுப்புவதும் பி.சி.என். என்ற ஒரே சுருக்கப் பெயரில் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். சபை அனுப்புவது 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்'. அது சட்டப்படியான தண்டம், அதற்கு மேன்முறையீட்டு வழியும் தனி. தனியார் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. அது தண்டமன்று. அறிவித்தல் பலகையிலுள்ள நிபந்தனைகளை ஏற்றே கார் நிறுத்தப்பட்டது என்று கொண்டு, அந்த ஒப்பந்தத்தை மீறியதற்காக ஒரு நிறுவனம் கேட்கும் பணம். அதனால் குற்றப் பதிவு ஏற்படாது, சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளிகள் ஏறா, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எவரும் உங்கள் வீட்டுப் பொருளில் கைவைக்க முடியாது. தனியார் நிலத்தில் காருக்குச் சில்லுப்பூட்டுப் போடுவதும் 2012 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

அதற்காக, இது வெறும் மிரட்டல் என்று எண்ணிவிடக் கூடாது. 2013இல் செம்ஸ்ஃபோர்ட் நகரக் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணி நேர எல்லையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாண்டிக் கார் நிறுத்திய பாரி பீவிஸ் என்பவர், தம்மிடம் கேட்கப்பட்ட 85 பவுணை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அறிவித்தல் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன, இடத்தை ஒழுங்காக நடத்துவதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு, ஆகவே தொகை மிகையானதன்று என்பதே அதன் சாரம். அன்றிலிருந்து "இரண்டு பவுண் இடத்துக்கு நூறு பவுணா?" என்ற வாதம் மட்டும் தனித்து நின்று வெல்வதில்லை. ஆனால் அதே தீர்ப்பு நமக்கும் ஓர் ஆயுதத்தைத் தருகிறது: பலகை தெளிவாக இல்லாத இடத்தில் ஒப்பந்தமும் இல்லை.

இப்போது கடிதத்திலுள்ள திகதிகளுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, காரை ஓட்டியவர் யாரென்று தெரியாத போது, பதிவில் பெயருள்ள 'கீப்பர்' இடமே பணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே கிடைக்கும். காரின் கண்ணாடியில் சீட்டு எதுவும் ஒட்டாமல் கமரா மூலம் மட்டும் பிடித்திருந்தால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் கடிதம் கீப்பரின் கையில் சேர வேண்டும். தபாலில் போட்ட பின் வரும் இரண்டாவது வேலைநாளில் அது சேர்ந்ததாகக் கொள்ளப்படும். உதாரணமாக, 2025 மார்ச் 3 திங்கட்கிழமை கார் நின்றது என்றால் கடைசி நாள் மார்ச் 17. வியாழன் 13ஆம் திகதி தபாலிட்ட கடிதம் திங்கள் 17இல் சேர்ந்ததாகக் கருதப்படும், அது செல்லும். வெள்ளி 14ஆம் திகதி தபாலிட்டது செவ்வாய் 18இல் சேர்ந்ததாகக் கருதப்படும், அது தாமதம். கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு மாறும்: கீப்பருக்கான கடிதம் 28 நாட்கள் கழிந்த பின்னர், அதற்கடுத்த 28 நாட்களுக்குள் வர வேண்டும். ஆகவே கடித உறையையும் வந்த நாளையும் பத்திரப்படுத்துங்கள். உறையை எறிந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர்.

இதனால்தான், முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது "நான் நிறுத்தினேன்", "நான் கடைக்குப் போனேன்" என்று அவசரப்பட்டு எழுதக் கூடாது என்கிறேன். கீப்பர் என்ற நிலையிலிருந்து, "சாரதி காரை நிறுத்தினார்" என்றே எழுதுங்கள். பொலிஸார் கேட்டால் சாரதியின் பெயரைச் சொல்வது சட்டக் கடமை. தனியார் நிறுவனம் கேட்டால் அப்படியொரு கடமை இல்லை. பொய் சொல்லும்படி நான் கூறவில்லை, கூறவும் மாட்டேன். கடமை இல்லாத இடத்தில் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் விடயம். சாரதி யாரென்று சொல்லிவிட்டால், 14 நாள் தாமதம் போன்ற குறைகளால் கீப்பருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பயனற்றுப் போய்விடும். சொந்தத் துணைவிதிகள் உள்ள விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் இந்த அட்டவணை பொதுவாகப் பொருந்தாது, அதாவது அதன்படி கீப்பரிடம் பணம் கேட்க முடியாது. ஊருக்குப் போகும் உறவினரை ஹீத்ரோவில் இறக்கிவிட்டு, மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டிய இறக்கிவிடும் கட்டணத்தை மறந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஆதாரம். முடிந்தால் ஓரிரு நாட்களுக்குள் அந்த இடத்துக்கே போய், கார் நுழையும் வழியில் பலகை இருக்கிறதா, எழுத்து எவ்வளவு சிறிது, தொகை எங்கே எழுதப்பட்டிருக்கிறது, மரக்கிளை மறைக்கிறதா என்பவற்றைப் படமெடுங்கள். சம்பவம் இரவில் நடந்திருந்தால் இரவிலேயே போங்கள். பற்றுச்சீட்டு, வங்கிக் கணக்கின் பதிவு, கைத்தொலைபேசிச் செயலியில் பணம் கட்டியதற்கான மின்னஞ்சல் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். என் காருக்கே ஒருமுறை ஐந்து மணி நேரம் நின்றதாகக் கடிதம் வந்தது. காலையில் மரக்கறி வாங்கப் போய்த் திரும்பி, மாலையில் மறந்துபோன தேங்காய்ப்பால் வாங்க மறுபடியும் போயிருந்தேன். கமரா முதல் வருகையையும் கடைசிப் புறப்பாட்டையும் மட்டும் இணைத்து, இடையில் நடந்ததை விட்டுவிட்டது. இரண்டு பற்றுச்சீட்டுகளும், இடைப்பட்ட நேரத்தில் நான் பணியிடத்தில் இருந்ததற்கான பதிவும் அதை முடித்து வைத்தன. பற்றுச்சீட்டு என் காற்சட்டைப் பையிலேயே கிடந்தது வெறும் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஒன்றையும் எறிவதில்லை.

கடையில் பொருள் வாங்கியவராக இருந்தால், மேன்முறையீட்டோடு நின்றுவிடாமல், கடை முகாமையாளரிடம் பற்றுச்சீட்டுடன் நேரில் போங்கள். நிலம் கடையினுடையது அல்லது கடை வாடகைக்கு எடுத்தது. தரிப்பிட நிறுவனம் அவர்களுக்காக வேலை செய்வது. முகாமையாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் விடயம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நான் பார்த்தவற்றில் மிக விரைவாகப் பலன் தந்த வழி இதுவே. ஆயினும் கூச்சத்தால் இதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம். கல்யாண மண்டபத்துக்கும், மருத்துவமனைக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பின் முகாமைத்துவத்துக்கும் இது பொருந்தும். சொந்தக் குடியிருப்பிலேயே கடிதம் வந்தால், குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பின்னர் வந்து பலகை நட்ட நிறுவனத்தால் அதில் உள்ள உரிமையைப் பறிக்க முடியாது. வாசலில் சாமான் இறக்குவதற்காகச் சில நிமிடம் நிற்பது தரிப்பு ஆகாது என்று 2016இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம் ஒரு மேன்முறையீட்டில் கூறியுள்ளது.

நிறுவனத்துக்கான மேன்முறையீட்டை, கடிதத் திகதியிலிருந்து 28 நாட்களுக்குள் அவர்களுடைய இணையத்தளத்தில் பதிய வேண்டும். கழிவுச் சலுகையை இழக்காதிருக்க 14 நாட்களுக்குள் பதிவது நல்லது. கோபத்தை விட்டுவிட்டுச் சுருக்கமான ஆங்கிலத்தில் எழுதுங்கள்: நடந்தது இது, ஆதாரம் இது, உங்கள் நெறிக்கோவையின் இந்த விதி மீறப்பட்டுள்ளது, ஆகவே இரத்துச் செய்யுங்கள். தனியார் தரிப்பிட நிறுவனங்களின் இரு சங்கங்களும் 2024இல் ஒரே நெறிக்கோவையை ஏற்றன. நேரம் முடிந்த பின் குறைந்தது 10 நிமிடச் சலுகை உண்டு. வாகன எண்ணை இயந்திரத்தில் பதியும்போது ஓரெழுத்துப் பிழைத்தது போன்ற சிறு தவறுக்குப் பணம் கேட்கக் கூடாது. கமரா உள்ள இடத்தில், இயந்திரம் வேலை செய்யாதது போன்ற சிரமத்தால் பணம் கட்டத் தாமதமாகி, வெளியேறுமுன் முழுவதையும் கட்டியவரிடமும் கேட்கக் கூடாதென 2025 பெப்ரவரியில் திருத்தம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை தனியார் நிலத்தில் தானாகச் செல்லுபடியாகாது என்றாலும், அவர்களுக்கு நியாயமான கூடுதல் நேரம் தர மறுப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு எதிரானது என்று எழுதலாம்.

நிறுவனம் மறுத்தால், அது பிரித்தானிய வாகனத் தரிப்புச் சங்கத்தின் உறுப்பினர் எனில் பொப்லா என்ற அமைப்பிடமும், மற்றைய சங்கத்தின் உறுப்பினர் எனில் சுயாதீன மேன்முறையீட்டுச் சேவையிடமும் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்புக் கடிதத்திலேயே அதற்கான குறியீட்டு எண்ணும் கடைசித் திகதியும் இருக்கும். பொப்லாவின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை போய்விடாது, கழிவு மட்டும் போய்விடும். இந்தக் கட்டத்தில் எல்லாக் காரணங்களையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்: பலகை, திகதி, சாரதி யாரென்று நிரூபிக்கப்படாமை, நிலச் சொந்தக்காரர் நிறுவனத்துக்கு அதிகாரம் அளித்த ஒப்பந்தத்தைக் காட்டும்படியான கோரிக்கை என்பன உட்பட.

அதன் பின்னர் கடன் வசூலிப்பவர்களின் கடிதங்கள் வரும். சிவப்பு எழுத்து, கூடுதலாக 70 பவுண், "இறுதி எச்சரிக்கை" என்ற தலைப்பு. அவர்கள் நீதிமன்ற அமலாக்க அதிகாரிகள் அல்லர். வீட்டுக்குள் நுழையும் அதிகாரமும் அவர்களுக்கில்லை. அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதத் தேவையில்லை, ஆனால் கோப்பில் வையுங்கள். கீப்பரிடமிருந்து பெறக்கூடிய உச்சத் தொகை முதல் கடிதத்தில் எழுதியிருந்த தொகைதான் என்று அந்த நான்காம் அட்டவணையே சொல்வதால், இந்த 70 பவுணைத் தனியாக மறுக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வேளை, அதே மாதிரியான உறையில்தான் ஒரு நாள் வழக்குக்கு முந்திய கடிதமும் வரும். 'லெட்டர் ஒஃப் கிளெய்ம்' என்று தலைப்பிட்டு, பதில் படிவமும் 30 நாள் அவகாசமும் அதில் இருக்கும். இதற்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள்: கடனை மறுக்கிறேன், காரணங்கள் இவை, நீங்கள் நம்பியிருக்கும் ஆவணங்களை அனுப்புங்கள். வழக்குப் போட அவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உண்டு. நீதிமன்றப் படிவம் வந்தால், அதிலுள்ள திகதிக்குப் பின் ஐந்தாம் நாளில் அது உங்களிடம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 14 நாட்களுக்குள் படிவம் கிடைத்தது என்று மட்டும் இணையத்தில் பதிவு செய்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். உரிய நாளுக்குள் எதிர்வாதம் பதியாவிட்டால் உங்களைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்படும். ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நின்று, வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

வீடு மாறியவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. வாடகை வீட்டை மாற்றிவிட்டு, கார்ப் பதிவு ஆவணத்தில் முகவரியை மாற்றாமல் விட்டால், வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ. கொடுக்கும் பழைய முகவரிக்கே எல்லாக் கடிதங்களும் போகும். தீர்ப்பு வந்தது வங்கி சொல்லித்தான் தெரியவரும். அதை நீக்கக் கோரி மனுச் செய்ய வழி உண்டு, ஆனால் அதற்கான கட்டணமே ஏறத்தாழ 300 பவுண். ஆகவே வீடு மாறியதும், சாரதி அனுமதிப்பத்திரம் வேறு, வாகனப் பதிவு வேறு என்று புரிந்து, இரண்டையும் மாற்றுங்கள். பழைய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தால், புதிய முகவரியை அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

எதிர்வாதம் பதிந்த பின் தொலைபேசி வழிச் சமரச அமர்வு ஒன்று வரும். ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை. அதில் கலந்துகொள்ள வேண்டும், ஆனால் பணம் தர ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. சமரசம் ஏற்படாவிட்டால் விசாரணை, உங்களுக்கு அருகிலுள்ள கவுண்டி நீதிமன்றத்தில், பெரும்பாலும் மேசை போட்ட சிறிய அறையொன்றில் ஒரு மாவட்ட நீதிபதி முன்னிலையில் நடக்கும். இது சிறு கோரிக்கைப் பிரிவு என்பதால், தோற்றாலும் மறுதரப்புச் சட்டத்தரணியின் முழுச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அப்பா அம்மாவுக்காக மகனோ மகளோ அங்கே வாதாடலாம். ஆனால் வழக்கில் பெயருள்ளவர் அன்று அந்த அறையில் கூடவே இருக்க வேண்டும். அவர் வராவிட்டால், அவருக்காகப் பேச வந்த பிள்ளையின் பேச்சை நீதிபதி கேட்க மறுக்கலாம்.