591 எஞ்சினுக்கு அலை கீறுறது: வீட்டிலயே நினைவு வர்ண மொடல் செய்யிற முறை

றெயில் எஞ்சின் மொடல் செய்ய வெளிக்கிடுற பெடியள் என்னட்டை முதல் கேக்கிறது "அண்ணை, என்ன கலர் பெயின்ற் வாங்கிறது?" எண்டுதான். நான் திருப்பிக் கேக்கிறது எந்தத் திகதியில ஓடின எஞ்சினைச் செய்யப்போறியள் எண்டு. ஏனெண்டா எஞ்சினுக்கு எண்டு ஒரு நிரந்தரக் கலர் கிடையாது, வேக்சொப்புக்குப் போய்த் திரும்பி வரேக்க கோடு மாறும், இலக்கம் எழுதின இடம் மாறும், சிலவேளை முழுக்கலருமே மாறிப்போகும். அதுவும் ஒண்டை நினைச்சு அடிச்ச பெயின்ற் எண்டா அந்தத் திகதியிலதான் விசயமே இருக்கு. அதால ஹாட்வெயார் கடைக்குப் போக முதல் ஒரு படத்தையும் அது எடுத்த நாளையும் முடிவெடுத்திட்டு வாங்கோ, மிச்சம் தன்பாட்டில வரும்.

நான் இதில எடுத்துக்கொள்ளுறது எங்கட இலங்கை றெயில்வேயின்ட எம்2 வகை எஞ்சின் 591, பேர் மனிட்டோபா. இந்த எம்2 எஞ்சினுகளில கனக்க கனடாவில ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் எண்ட ஊரில ஜெனரல் மோட்டோர்ஸ் செய்தது, கொழும்புத் திட்டம் எண்ட வெளிநாட்டு உதவித் திட்டத்தில 1954இல இருந்து வரத் தொடங்கி மொத்தமா 14 வந்தது, அதில கனவற்றுக்குக் கனடா மாகாணங்களின்ட பேர்தான் வச்சவை. மனிட்டோபாவும் அப்பிடி ஒரு மாகாணம். 2004 டிசம்பர் 26 காலமை கொழும்பில இருந்து தெற்குக் கரையால போன றெயினை இழுத்துக்கொண்டு போனது இந்த 591தான், பெரலிய எண்ட கரையோர ஊரில வச்சுச் சுனாமிக் கடல் வந்து அடிச்சுது, அந்த றெயினில மட்டும் 1,700 பேருக்கு மேல செத்துப்போச்சினம். பேந்து எஞ்சினையும் ரெண்டு பெட்டியளையும் மீட்டுத் திருத்தி, நினைவுக்காக ஒரு அலையைக் கீறி விட்டவை, ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 26க்கு அது பெரலியவுக்குத் திரும்பிப் போகும். சுனாமி அண்டைக்கு எங்கட வடமராட்சி கிழக்கிலயும் முல்லைத்தீவிலயும் போன சனத்தை நினைச்சாலே எனக்கு இண்டைக்கும் நெஞ்சு அடைக்கும், அதாலதான் முதன்முதல் செய்யிற ஆக்களுக்கும் நான் இந்த எஞ்சினையே சொல்லுறனான்.

ஒரு விசயத்தை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ, இல்லாட்டி படம் தேடேக்க குழம்பிப் போவியள். பழைய எஞ்சினைப் பழைய கலரிலயே பேணி வைக்கிறது ஒரு வகை, கடுகண்ணாவை றெயில் மியூசியத்தில பாக்கலாம். புது எஞ்சினுக்கு மூடுண்டு போன பழைய கொம்பனியின்ட உடுப்பைப் போட்டுவிடுறது இன்னொரு வகை, அமெரிக்காவில இதுதான் பெரிய எடுப்பு. யூனியன் பசிபிக் எண்ட றெயில் கொம்பனி 2005, 2006இல ஆறு எஞ்சினுக்கு அப்பிடி அடிச்சு, பெரும்பாலும் அந்தப் பழைய கொம்பனி தங்களோட சேந்த வருசத்தையே எஞ்சின் இலக்கமாப் போட்டவை, மிசூரி பசிபிக் எண்டா 1982, சதர்ன் பசிபிக் எண்டா 1996. நோர்போக் சதர்ன் எண்ட இன்னொரு கொம்பனி தங்கட 30ஆம் ஆண்டுக்கு 2012இல 20 எஞ்சினுக்கு அடிச்சது. மூண்டாவது வகை ஒரு ஆளையோ சம்பவத்தையோ நினைச்சு அடிக்கிறது. 2005இல மூத்த ஜோர்ஜ் புஷ்ஷுக்காக ஜனாதிபதி விமானத்தின்ட கலரில 4141 எண்ட எஞ்சினை யூனியன் பசிபிக் அடிச்சது, அவர் 41ஆவது ஜனாதிபதி, 2018 டிசம்பரில அவற்ற இறுதிப் பயண றெயினை இழுத்ததும் அதே எஞ்சின்தான். எங்கட 591 இந்த மூண்டாவது வகை. இந்த வகையில இலக்கமும் கலரும் சும்மா வாறேல்லை, அதால "வடிவா இருக்கும்" எண்டு நீங்களா ஒரு கோட்டைக் கூட்டிக் குறைக்காதேங்கோ.

சரி, அளவுக்கு வருவம். பிளான் கீறின தாள் கையில இல்லாட்டிலும் பரவாயில்லை, ஒரு அளவு எல்லாருக்கும் தெரியும், எங்கட தண்டவாளத்தின்ட உள்அகலம் 1676 மில்லிமீற்றர். எஞ்சினை நேர் முன்னால நிண்டு எடுத்த படம் ஒண்டை எடுங்கோ, முன்சில்லு தண்டவாளத்தில முட்டுற இடத்தில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில அளவுகோலை வையுங்கோ (படத்தின்ட அடியில வைக்கப்படாது, கிட்ட வாற தண்டவாளம் அகலமாத்தான் தெரியும்), அந்த அளவு 1676 எண்டா எஞ்சின்ர அகலம், உயரம் எவ்வளவு எண்டு கணக்குப் பாத்திடலாம். பிறகு அந்த உயரத்தைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுப் படத்தில வச்சா நீளமும் வந்திடும். 1க்கு 50 அளவில செய்தா தண்டவாள அகலம் 33.5 மில்லிமீற்றர், தொடங்கிறவைக்கு இந்த அளவு கைக்கு வசதி. 1க்கு 87 எண்டா 19.3 வரும், ஆனா வெளிநாட்டில இருந்து வாற அந்த அளவுச் சில்லுச் செற் 16.5 தண்டவாளத்துக்குத்தான் செய்திருக்கும், அதைப் பூட்டினா எஞ்சின் ஒடுங்கின காலில நிக்கிறமாதிரித் தெரியும், ஓடவிடத் தேவையில்லை எண்டா சில்லையும் நீங்களே செய்யிறதுதான் நல்லம்.

உடம்புக்கு போர்ட் எழுதுற கடையளில மிஞ்சிற பி.வி.சி. சீற் துண்டு காணும், கேட்டா சும்மாவே தருவினம். மட்டையிலயும் செய்யலாம், ஆனா சீலர் ரெண்டுதரம் அடிச்சுச் சான்ட் பேப்பர் போடாட்டி மட்டையின்ட மயிர் பெயின்றுக்குள்ளால எழும்பி நிக்கும். ரெஜிபோம் மட்டும் வேண்டாம், ஸ்பிறேயில இருக்கிற தின்னர் பட்டா கரைஞ்சு குழியாப் போகும்.

இனி ஆகலும் முக்கியமான விசயம், எங்கட காத்தும் மழையும். டிசம்பர் 26க்கு முடிக்கோணும் எண்டு ஆசைப்படுவியள், ஆனா யாழ்ப்பாணத்தில ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும்தான் மழை. மூண்டு வருசத்துக்கு முதல் மழை விட்ட கையோட விறாந்தையில வச்சு லக்கர் ஸ்பிறே அடிச்சன், பத்து நிமிசத்துக்குள்ள நீலத்துக்கு மேல பால் ஊத்தினமாதிரி வெள்ளை படர்ந்திட்டுது. தின்னர் ஆவியாப் போகேக்க மேற்பரப்பைக் குளிர வைக்கும், காத்தில ஈரம் கூட எண்டா அந்த ஈரம் பெயின்றில படிஞ்சு வெள்ளையாப் பூக்கும், அதுதான் காரணம். அப்பிடி நடந்தா உரஞ்சிக் கழட்ட வெளிக்கிடாதேங்கோ, நல்ல வெயில் நாள் ஒண்டு வரும்வரை விட்டிட்டு மெல்லிசா ஒரு பூச்சு அடிச்சா பெரும்பாலும் தெளிஞ்சிடும். ஆனா அந்த நிலைக்கே போகாமல் ஆவணி, புரட்டாதியில பெயின்ற் வேலையை முடிச்சிடுங்கோ. அப்ப சோளகக் காத்துப் புழுதியைக் கொண்டுவரும், அதுக்கு காத்து எழும்ப முதல், காலமை ஆறரை ஏழு மணிக்கு நிலத்தில தண்ணி தெளிச்சுப்போட்டு அடியுங்கோ, அடிச்ச கையோட ஒரு காட்போட் பெட்டியால மூடிவிடுங்கோ.

பிறைமர், அதாவது கலருக்குக் கீழ அடிக்கிற முதல் பூச்சு, வெள்ளை இல்லாட்டி மெல்லிய சாம்பல். செங்காவிப் பிறைமர் மலிவுதான், ஆனா அதுக்கு மேல மஞ்சளோ வெளிர் நீலமோ அடிச்சா செத்த கலராத்தான் வரும். கலரைத் தேர்ந்தெடுக்கேக்க ஃபோனில பாத்த கலரை அப்பிடியே நம்பாதேங்கோ, ஒரே எஞ்சின் காலமையில ஒரு மாதிரி, பின்னேர வெயிலில இன்னொரு மாதிரி. அதோட சின்னச் சாமானில எந்தக் கலரும் கொஞ்சம் இருட்டாத் தெரியும், அதால ஒவ்வொரு கலருக்கும் ஒரு துளி வெள்ளை கலந்து, மட்டைத் துண்டில அடிச்சு, காஞ்சாப் பிறகு வாசலடி வெளிச்சத்தில படத்தோட வச்சுப் பாருங்கோ. வெளிறின கலர் முதல், இருட்டுக் கலர் பிறகு, இந்த ஒழுங்கை மட்டும் மாத்தவே வேண்டாம்.

அலை. நேர்கோடு எண்டா ரேப் ஒட்டி முடிச்சிடலாம், வளைவுக்கு அது சரிவராது. ஒரு கண்ணாடித் துண்டில மாஸ்கிங் ரேப்பை ஒண்டோட ஒண்டு கொஞ்சம் ஏற வச்சு ஒட்டுங்கோ. அலையை ட்ரேசிங் பேப்பரில எடுத்து அதுக்கு மேல ஒட்டி, புது பிளேட்டால வெட்டுங்கோ. போன வருசம் அக்கான்ர மகன் வந்து பக்கத்தில ரோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், "மாமா, நீங்கள் பிளேட்டை அசைக்கவேயில்லையே" எண்டான். அதுதான் தம்பி விசயம் எண்டன். வளைவு வாற இடத்தில பிளேட் பிடிச்ச கை அப்பிடியே இருக்கோணும், மற்றக் கையால கண்ணாடியை மெல்லமா உங்கட பக்கம் திருப்புங்கோ, அலையின்ட நுனி சுருண்டு கீழ வாற இடத்திலயும் ஒரு முறிவு இல்லாமல் வரும். கையைத் திருப்பினா அந்த இடத்தில மூலை விழும், பெயின்ற் அடிச்சாப் பிறகு அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

வெட்டினதை எடுத்து நேரா எஞ்சினில ஒட்டாதேங்கோ, முதல் சேட்டில ரெண்டுதரம் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைச்சிட்டு ஒட்டுங்கோ, அப்பதான் கீழ இருக்கிற பெயின்ற் கழண்டு வராது. விளிம்பை நகத்தால அமத்திவிட்டு, உடன அலையின்ட கலரை அடிக்கவும் வேண்டாம். கீழ இருக்கிற அதே கலரை ரேப் விளிம்பில இன்னொருக்கா மெல்லிசா அடிச்சுக் காய விடுங்கோ. உள்ளுக்க கசிய இருக்கிறது கசிஞ்சாலும் அது அதே கலர்தானே, ஒருத்தருக்கும் தெரியாது, விளிம்பும் அடைபட்டிடும். அதுக்குப் பிறகு அலைக்கலர், ஒரே தடிப்பா இல்லாமல் மூண்டு மெல்லிய பூச்சு. பெயின்ற் தொட்டா ஒட்டாத, ஆனா இன்னும் கல்லா இறுகாத நேரத்தில ரேப்பைத் தனக்கு மேலயே மடிச்சு மெல்லமா இழுங்கோ.

இலக்கத்துக்கு டெக்கல் பேப்பர், அதாவது அச்சடிச்சுத் தண்ணியில ஊறவிட்டு ஒட்டுற தாள், கொழும்பில இருந்து எடுப்பிக்கலாம். வீட்டுப் பிறின்ரர் வெள்ளை அடிக்காது, அதால வெள்ளை எழுத்து வேணுமெண்டா பின்னணிக் கலரையும் சேத்து வெள்ளைத் தாள் டெக்கலில அடிக்கோணும், இங்க்ஜெற் எண்டா தண்ணியில போட முதல் கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிக்காட்டி மை கரைஞ்சு ஓடிடும். ஒட்டப்போற இடம் பளபளப்பா இருக்கோணும், மற் (பளபளப்பில்லாத) பெயின்றா இருந்தா டெக்கலுக்குக் கீழ காத்து அடைபட்டு வெள்ளி மாதிரி மினுங்கும். ஒட்டினாப் பிறகு ஒரு நாள் விட்டு, மற் கிளியர் ஒண்டு அடிச்சா வேலை முடிஞ்சுது. பேர்ப்பலகையை மட்டும் மெல்லிய சீற்றில தனியா வெட்டி ஒட்டுங்கோ, நிழல் விழும், உயிர் வரும்.

கடைசியா எஞ்சினைப் பிரட்டி, அடிப்பக்கத்தில 591 எண்டும் நீங்கள் பாத்துச் செய்த படம் எடுத்த திகதியையும் பென்சிலால எழுதிவிடுங்கோ. நாளைக்கு ஆரும் வந்து இந்தக் கோடு ஏன் இங்க நிக்குது, இப்ப அப்பிடி இல்லையே எண்டு கேட்டா, திருப்பிக் காட்டலாம்.